முடிவுக் கோட்டில் நின்றவர்

அந்தோனியார் திருவிழாவின் படகோட்டப் போட்டிக்கு நடுவராக யாரை நிறுத்துவது என்பது பூவரசந்துறையில் சின்ன விஷயம் அல்ல. யாழ்ப்பாணப் பட்டினத்தின் தெற்குக் கரையில், கடலை முற்றமாக வைத்துக்கொண்டு வாழ்கிற அந்தக் கத்தோலிக்கப் பங்கில் இரண்டு தெருக்கள். மேற்குத் தெரு, கிழக்குத் தெரு. வருஷம் முழுக்க ஒன்றாய்க் கடலுக்குப் போய், ஒன்றாய் மீன் விற்று, பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சனம் திருவிழா வந்தால் மட்டும் இரண்டாய்ப் பிரிந்துவிடும். போட்டியில் முதலாவதாக வருகிற வள்ளத்தின் ஆட்கள்தான் மறுநாள் பெருநாள் பூசை முடிந்ததும் அந்தோனியாரின் சுரூபத்தைத் தோளில் சுமந்து கோயிலுக்கு வெளியே கொண்டுவருவார்கள். கிண்ணமும் கொடுப்பதுண்டு. ஆனால் கிண்ணத்துக்காக யாரும் சவள், அதாவது துடுப்பு, வலிப்பதில்லை.

முன்பு முடிவுக் கோட்டில் மூன்று நடுவர்கள் நின்றார்கள். ஒரு வருஷம் மூவரும் மூன்று விதமாகச் சொல்லி, கரையில் கதிரைகள் பறந்து, பொலிஸ் வந்தது. அதன்பிறகு ஒரே நடுவர், அவர் சொல்வதே முடிவு என்று ஆக்கிவிட்டார்கள்.

"செல்வரட்ணம் அண்ணை நிக்கட்டும்," என்றார் பங்குத்தந்தை, விழாக் குழுக் கூட்டத்தில். "அவர் சொன்னா ரெண்டு தெருவும் கேக்கும்."

செல்வரட்ணம் மேற்குத் தெருக்காரர். அறுபதைத் தாண்டியவர். இளம் வயதில் அவர் சுக்கான் பிடித்த வள்ளத்தை முந்துவது லேசில்லை என்று இப்போதும் சொல்வார்கள். அதைவிடப் பெரிதாக அவருக்கு வேறொரு பேர் இருந்தது. வலை அறுந்த சண்டையோ வேலிச் சண்டையோ, அவரிடம் போனால் சொந்தம் பார்க்காமல் பேசுவார் என்கிற பேர். அவருடைய மகள் ஜெனிற்றாவைக் கட்டிய ஜெறோம்தான் மேற்குத் தெருவின் நீல வள்ளத்துக்குச் சுக்கான் பிடிக்கிறவன். அது எல்லாருக்கும் தெரியும். இருந்தும், கிழக்குத் தெருவின் பச்சை வள்ளத்துக்குச் சுக்கான் பிடிக்கிற டினேஸே எழும்பிச் சொன்னான்:

"மருமகன் ஓடினா என்ன, மகன் ஓடினா என்ன? அண்ணை கண்டதைத்தான் சொல்லுவார். எங்களுக்குச் சம்மதம்."

எல்லாரும் செல்வரட்ணத்தைப் பார்த்தார்கள். பார்க்கிறார்கள் என்பது, பேச்சு நின்றதை வைத்துத்தான் அவருக்குத் தெரிந்தது. முகங்கள் தெரியவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேலாக அவருடைய கண் மங்கிக்கொண்டு வந்தது. முதலில் வலக்கண், பிறகு இடக்கண். சவர்க்காரத் தண்ணீர் வழிகிற கண்ணாடிக்குள்ளால் பார்ப்பதுபோல இருந்தது. வெயில் எதிரே அடித்தால் அதுவும் இல்லை, வெறும் வெள்ளைப் புகை. ஒருநாள் விடியப்புறம், கடலில் வேறொருவரின் வலை மிதப்புகளைக் காணாமல் எஞ்சினை ஓட்டி வலையைக் கிழித்துவிட்டார். நீரோட்டம் இழுத்துப் போட்டது என்று சொல்லிச் சமாளித்தார். பிறகு, முழங்கால் நோ என்று காரணம் காட்டி, போட்டை ஜெறோமிடம் விட்டுவிட்டுக் கரையில் இருந்துகொண்டார். மனைவி மக்டலீனுக்கு மட்டும் சந்தேகம். கோப்பைக்கு வெளியே அவர் தேத்தண்ணி ஊற்றுவதையும், மீனில் முள்ளை விரலால் தடவித் தேடுவதையும் கவனித்து, "ஆசுப்பத்திரியிலை ஒருக்காக் காட்டுங்கோவன்" என்றாள். "என்ரை கண்ணுக்கு ஒண்டும் இல்லை" என்று அவள்மேல் பாய்ந்தார்.

அவர் பயந்தது வைத்தியத்துக்கு அல்ல. அவர் இளந்தாரியாக இருந்த காலத்தில் சவிரிமுத்தர் என்றொரு சுக்கான்காரர் பார்வை போய்க் கரையில் உட்கார்ந்தார். அவருக்குக் 'குருட்டுச் சவிரி' என்று பேர் வைத்துச் சிரித்த கூட்டத்தில் செல்வரட்ணமும் ஒருவர். சாகும்வரை அந்தப் பேர் அந்த மனிதரை விடவில்லை.

"என்ன அண்ணை, நிக்கிறியளோ?" பங்குத்தந்தை மறுபடியும் கேட்டார்.

ஏலாது என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் என்று கேட்பார்களே என்று இருந்தது.

"ஓம் சுவாமி, நிக்கிறன்."

கைதட்டினார்கள். டினேஸ்தான் எல்லாரிலும் பலமாகத் தட்டினான்.

போட்டி நாள் பின்னேரம் கரை முழுக்கச் சனம். காலையில் சின்னப் பிள்ளைகள் அரசரும் சேனாதிபதியுமாக வேஷம் கட்டி, மட்டைக் கிரீடமும் பொன்தாள் சுற்றிய வாளுமாகப் பாண்ட் வாத்தியத்தின் பின்னால் தெரு சுற்றி வந்திருந்தார்கள். பின்னேரமும் அந்த உடுப்பைக் கழற்ற மனமில்லாமல் ஐஸ்கிறீம் வானைச் சுற்றி நின்றார்கள். மணலில் கயிறிழுத்தல் முடிந்திருந்தது. கிறீஸ் பூசிய மரத்தில் ஏறியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சறுக்கி விழுந்து, கடைசியில் ஒருவன் உச்சியில் கட்டியிருந்த பையைப் பறித்ததும், சனம் இறங்குதுறைப் பக்கம் திரும்பியது. இனி வள்ளம்.

செல்வரட்ணத்தைத் துறையின் நுனிக்குக் கூட்டிப்போய், கழுத்தில் மாலை போட்டு, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவருக்கு நேரே கடலில், நங்கூரம் போட்ட ஒரு போட்டில் கம்பம் நட்டிருந்தது. துறையின் நுனிக்கும் அந்தக் கம்பத்துக்கும் இடையிலான நேர்கோடுதான் முடிவு. அவருக்குக் கம்பம் தெரியவில்லை. வள்ளங்கள் வரவேண்டிய திசையிலேயே, தீவுகளின் பக்கமாகச் சூரியன் சாய்ந்திருந்தது. அந்தப் பக்கம் பார்த்தால் கண்ணுக்குள் பால் ஊற்றியதுபோல் இருந்தது.

தலை சுற்றுகிறது என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. இப்போதுகூடப் பிந்தவில்லை. பக்கத்தில் யாரோ, "செல்வரட்ணத்தார் நிக்கிறபடியா இந்த முறை சண்டை இல்லை" என்று இன்னொருவருக்குச் சொல்வது கேட்டது. அவர் மாலையைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

தூரத்தில் வெடி வெடித்தது. கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் கத்தத் தொடங்கினார். வள்ளத்துக்கு ஆறு பேர் சவள் வலிக்க, ஒருவர் சுக்கானில். சோளகக் காற்று அலையைக் கிளப்பிவிட்டிருந்ததால், கண் உள்ளவர்களுக்கே வள்ளங்கள் மறைந்து மறைந்துதான் தெரிந்தன. செல்வரட்ணம் அறிவிப்பாளரின் குரலைப் பிடித்துக்கொண்டார். "நீலமும் பச்சையும்! நீலமும் பச்சையும்! மற்ற வள்ளங்கள் பின்னாலை!" பிறகு அறிவிப்பாளருக்கும் தொண்டை கட்டிப்போனது. அவருடைய குரலைச் சனத்தின் சத்தம் மூடியது.

சவள்கள் தண்ணீரில் விழுகிற சத்தம் கிட்ட வந்தது. "வலி! வலி!" என்று இரண்டு குரல்கள் கத்தின. வெள்ளைப் புகைக்குள் இரண்டு கரிய உருவங்கள் அசைந்தன. இரண்டும் சாம்பல் நிறம். எது நீலம், எது பச்சை? அவர் கண்ணை இடுக்கினார், விரித்தார். துறையில் அவருக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றது மேற்குத் தெருச் சனம். "ஜெறோம்! ஜெறோம்!" என்று காது கிழிந்தது. "வெண்டிட்டம்!" என்று ஒருவன் குதித்தான்.

செல்வரட்ணம் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"நீலம்," என்றார். "நீல வள்ளம் முதலாவது."

ஒரு கணம் கரையில் சத்தமே இல்லை. அந்த அமைதியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

பிறகு மேற்குத் தெரு கூக்காட்டியது. ஆனால் அதில் ஒரு தயக்கம் இருந்தது. டினேஸ் வள்ளத்திலிருந்து குதித்து, நெஞ்சளவு தண்ணீரில் நடந்து துறையில் ஏறி வந்தான். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அண்ணை, என்ன சொல்லுறியள்? எங்கடை வள்ளம் கோட்டைத் தாண்டேக்கை அவன்ரை வள்ளம் ஒரு கை பின்னாலை. எல்லாரும் கண்டவை!"

"நான் கண்டதைச் சொன்னன்."

"ஏன், உங்களுக்குக் கண் தெரியாதோ?"

ஆத்திரத்தில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான் அது. அந்த இடத்தில் "ஓம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போட்டி அங்கேயே சரியாகியிருக்கும். செல்வரட்ணத்துக்கு உடம்பெல்லாம் சூடேறியது.

"ஆரோடையடா கதைக்கிறாய்? நீ பிறக்க முந்தி உந்தக் கடலிலை வள்ளம் ஓடினவன் நான். என்ரை ரெண்டு கண்ணாலையும் வடிவாக் கண்டனான்!"

மைக் இன்னும் வாயருகிலேயே இருந்தது. கோயில் முகப்பு, பந்தல், மணல் என்று ஒலிபெருக்கி கட்டியிருந்த இடமெல்லாம் அந்தப் பொய் கேட்டது.

டினேஸின் மனைவி றொசாந்தி சனத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் போன்.

"அண்ணை, இதைப் பாருங்கோ. நான் கோட்டுக்கு நேரை நிண்டு எடுத்தனான். பச்சைதான் முந்தி வருது. பாருங்கோ."

போனை அவருடைய முகத்துக்கு முன்னால் பிடித்தாள். அவர் குனிந்து பார்த்தார். வெளிச்சமாக ஒரு சதுரம். அதற்குள் ஏதோ நெளிந்தது. சுற்றி நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். எத்தனை நேரம் பார்த்தால் பார்த்ததுபோல் இருக்கும் என்று யோசித்துக்கொண்டு அவ்வளவு நேரம் பார்த்தார்.

"உது சரிஞ்ச கோணத்திலை எடுத்தது. அப்பிடித்தான் தெரியும்."

"இல்லை அண்ணை, நேரை நிண்டு..."

"போனிலை இப்ப எதைத்தான் மாத்தேலாது? ஆர் கண்டது, என்னத்தை வெட்டி ஒட்டிக்கொண்டு வாறியள் எண்டு!"

மேற்குத் தெரு இளைஞர்கள் சிரித்தார்கள். "படம் எடுக்கிற கொம்பனி!" என்று ஒருவன் கத்தினான். றொசாந்தி திரும்பி நடந்தாள். அவள் போனதுகூட அவருக்குத் தெரியவில்லை. பங்குத்தந்தை வந்து, "நடுவரின்ரை சொல்தான் முடிவு எண்டு நாங்கள்தானே வைச்சது" என்று களைத்த குரலில் சொல்லி எல்லாரையும் கலைத்தார்.

ஜெறோம் கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்தான். அதை மேசையில் வைக்காமல் கதவு மூலையில் நிலத்தில் வைத்தான்.

"மாமா, டினேஸ்தான் முந்தினவன். சுக்கான் பிடிச்ச எனக்குத் தெரியாதோ?"

செல்வரட்ணம் கதிரையில் அசையாமல் இருந்தார்.

"எனக்காகச் சொன்னனீங்களோ? நான் உங்களிட்டைக் கேட்டனானோ? நான் வெல்லுறதெண்டா அடுத்த வருஷம் வலிச்சு வெல்லுவன். இப்ப வழியிலை வரேக்கை ஒருத்தரும் என்னட்டை 'நல்லா ஓடினாய்' எண்டு சொல்லேல்லை. எல்லாரும் நிலத்தைப் பாத்தவை."

"விடுங்கோ," என்று ஜெனிற்றா அவனைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். தகப்பனோடு அவள் ஒரு சொல்லும் பேசவில்லை.

இல்லை, உனக்காக இல்லை, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. குருடன் என்பதைவிடக் கள்ளன் என்பது பரவாயில்லை என்று மனதின் ஒரு பக்கம் கணக்குப் பார்த்தது. தான் அப்படிக் கணக்குப் பார்ப்பதைத் தானே கண்டபோது, அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மக்டலீன் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"றொசாந்தி அழுதுகொண்டு போறாள். கண்டன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவள் காட்டின போனிலை உங்களுக்கு என்ன தெரிஞ்சது?"

அவர் கதிரையின் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒண்டும் தெரியேல்லை, என்ன?"

"சத்தம் போடாதை," என்றார். அதைக் கேட்டதும் அவள் பெருமூச்சு விட்டாள். மேலே கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

"சுவாமியிட்டைப் போய்ச் சொல்லுவம். நானும் வாறன்."

"ஏலாது."

"ஜெறோம் உங்களைக் களவுக்காரன் எண்டு நினைக்கிறானப்பா."

"நினைக்கட்டும்."

வேஸ்பர் என்கிற மாலைச் செபத்துக்கு மணி அடித்தது. தெருவால் சனம் புது உடுப்போடு கோயிலுக்குப் போகிற சத்தம் கேட்டது. அந்தோனியார் கோயில் வேஸ்பருக்கு, நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் போகாமல் விட்டதில்லை. அன்றைக்குப் போகவில்லை.

மறுநாள் பெருநாள் பூசைக்கு மக்டலீன் விடாமல் கூட்டிப்போனாள். வழக்கமாக அவருடைய வாங்குப் பலகையில் நெருக்கிக்கொண்டுதான் இருப்பார்கள். அன்றைக்கு அவருக்கு இருபுறமும் தாராளமாக இடம் இருந்தது. பிரசங்கத்தில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. பூசை முடிந்ததும் வாசலில் பாண்ட் வாத்தியம் தொடங்கியது. பூவும் மின்குமிழ்களும் சோடித்த கூட்டில் அந்தோனியார் பீடத்துக்கு முன்னால் காத்திருந்தார். நீல வள்ளக்காரர் வந்து கூட்டின் தண்டுகளுக்கு அருகில் நின்றார்கள். முன் தண்டு சுக்கான்காரனுக்கு உரியது. அந்த இடம் வெறுமையாக இருந்தது.

பாண்ட் ஒரு சுற்று வாசித்து நின்றது. சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"ஜெறோம் எங்கை?"

"வெளியிலை நிக்கிறான். வரமாட்டானாம்."

செல்வரட்ணத்தின் பின் வாங்கில் ஒரு பெண் மற்றவளின் காதில் சொன்னாள்: "மாமன் களவெடுத்துக் குடுத்ததைத் தோளிலை வைக்க அவனுக்கு மனமில்லையாம். பாவம், நல்ல பெடியன்."

மெல்லமாகத்தான் சொன்னாள். பார்வை குறையக் குறைய அவருக்குக் காது கூர்மையாகியிருந்தது. பின்னும் யாரோ, டினேசும் வெளியில்தான் நிற்கிறான், பக்கக் கதவடியில், என்றார்கள். செல்வரட்ணம் எழும்பினார். மக்டலீன் கையை நீட்டுவதற்குள் வாங்குகளைப் பிடித்துப் பிடித்துப் பக்கக் கதவை நோக்கி நடந்துவிட்டார். நேற்றுப் பின்னேரம் தொடக்கம் அவருக்குள் இறுகிக் கிடந்தது அப்போது உடைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பிந்தினால் மறுபடியும் இறுகிவிடும் என்று பயந்தவர்போல விரைந்தார்.

கதவுக்கு வெளியே வெயில். வெளிச்சத்தில் உயரமாக, வெள்ளைச் சட்டையோடு ஓர் உருவம் நின்றது. அவர் அதனிடம் போய் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"டினேஸ், நீதான் முந்தினாய். நான் காணேல்லை. எனக்கு ஒண்டுமே தெரியேல்லை. சனத்தின்ரை சத்தத்தை வைச்சுச் சொன்னனான். ஜெறோமுக்கு இதிலை ஒரு பங்கும் இல்லை. அவனை ஒண்டும் சொல்லாதையுங்கோ."

பிடித்த கைகள் விறைத்தன.

"என்னடா, எனக்கு ஏசு. அடிச்சாலும் பறவாயில்லை. ஏதாவது சொல்லு."

"மாமா," என்றது அந்த உருவம். "நான் ஜெறோம்."

கதவடியிலும் முற்றத்திலும் நின்ற எல்லாரும் அதைக் கேட்டார்கள். ஒரே வீட்டில் இருக்கிற மருமகனை, கையைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு முகம் நின்று, இன்னொருவன் என்று நினைத்துக் கதைக்கிற மனிதனை எல்லாரும் பார்த்தார்கள். மட்டைக் கிரீடம் வைத்த ஒரு சிறுமி கலகலவென்று சிரித்தாள். தாய் அவளுடைய வாயைப் பொத்தினாள். செல்வரட்ணம் கைகளை உருவிக்கொள்ளப் பார்த்தார். ஜெறோம் கைகளை விடாமல் பிடித்திருந்தான்.

"எவ்வளவு காலமா?" என்று கேட்டான்.

அவர் தலைகுனிந்தார்.

யாரோ சொன்னது பிழை, டினேஸ் அங்கே நிற்கவில்லை. பூசைக்கு வந்தவன், முடிவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டான். சுரூபத்தைச் சுமக்க வரச்சொல்லிப் பங்குத்தந்தை ஆளனுப்பினார். போனவர் வந்து, "சுவாமிக்குக் கோடி நன்றியாம். ஆனா இரக்கப்பட்டுத் தாறதை எடுக்க மாட்டினமாம்" என்றார். கடைசியில் இரண்டு தெருவிலும் அருகில் நின்றவர்களே தண்டுக்குத் தோள் கொடுத்தார்கள். உயரம் ஒத்துவராமல் கூடு ஒரு பக்கம் சாய்ந்தபடியே அந்தோனியார் வெளியே போனார். பாண்ட் சத்தம் கடற்கரைப் பக்கம் தேய்ந்து மறையும்வரை செல்வரட்ணம் வெறுங்கோயிலுக்குள் இருந்தார். போட்டியைத் திருப்பி ஓடலாம். இந்த ஊர்வலத்தைத் திருப்பி எடுக்க முடியாது.

மத்தியானம் திரும்பியதும் மக்டலீன் கையைப் பிடித்துக் கூட்டிப்போக, கிழக்குத் தெருவுக்குப் போனார். கலியாணம் கட்டிய காலம் தொட்டு அவர்கள் தெருவில் கைபிடித்து நடந்ததில்லை. இரண்டு பக்கமும் வேலிப் படலைகளில் ஆட்கள் நிற்பது, கதைப்பு அடங்குவதிலிருந்து தெரிந்தது.

டினேஸ் முற்றத்தில் கதிரை போட்டான். தானும் ஒரு கதிரையில் இருந்தான். சொல்ல வந்ததை அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"அண்ணை, கண் தெரியாததுக்கு ஆரும் கோவிக்கேலாது. கூட்டத்திலை ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம், சொல்லேல்லை, அதையும் விடுவம். என்ரை மனிசி போனைக் கொண்டுவந்து காட்டினவள். நீங்கள் அதைக் காணவே இல்லை. காணாமலே அவளைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டியள். அதுதான் எனக்கு ஆறேல்லை."

செல்வரட்ணம் வீட்டுக் கதவின் பக்கம் திரும்பினார். அங்கேதான் அவள் நிற்கவேண்டும் என்று நினைத்தார்.

"பிள்ளை றொசாந்தி..."

"நான் இஞ்சாலை நிக்கிறன்," என்று மறுபக்கத்திலிருந்து குரல் வந்தது.

அவர் திரும்பினார். முகம் எரிந்தது. "பிள்ளை, நான் உனக்குச் செய்தது பெரிய பிழை. என்னை மன்னிச்சுக்கொள்."

றொசாந்தி அவருக்கு முன்னால் வந்து நின்றாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "எத்தினை பேர் என்னட்டைக் கேட்டவை தெரியுமோ, என்னண்டு படத்தை மாத்தினனீ எண்டு? காலமை பூசையிலையும் ஒருத்தி சிரிச்சுக்கொண்டு கேட்டவள். நீங்கள் மைக்கிலை சொன்னனீங்கள் அண்ணை. இஞ்சை வந்து எங்கடை முத்தத்திலை மெல்லமாச் சொல்லுறியள்."

மக்டலீனின் கை அவருடைய கையை இறுக்கியது. அவர் எழும்பினார். "நீ சொல்லுறது சரி," என்றார்.

அன்று இருட்டுப்படுகிற மைமல் நேரம், கோயில் வளவில் கூத்து மேடைக்கு முன்னால் சனம் பாய் விரித்துக்கொண்டிருந்தது. வேஷம் கட்டியவர்கள் திரைக்குப் பின்னால் சதங்கையை உதறிப் பார்த்தார்கள். ஜெறோம் அவரை மேடைப் படிகளில் ஏற்றி, மைக்கைக் கையில் வைத்துவிட்டு இறங்கினான். எப்படித் தொடங்குவது என்று பகல் முழுக்க யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"எனக்குக் கண் தெரியாது," என்றார். "ஒரு வருஷத்துக்கு மேலை. சொல்ல வெக்கப்பட்டு மறைச்சனான். போட்டியிலை வெண்டது பச்சை வள்ளம். றொசாந்தி காட்டின படம் உண்மை. அந்தப் பிள்ளையை நான் பொய் சொல்லுறாள் எண்டு சொன்னது... பொய் சொன்னது நான். என்ரை மருமகன் ஜெறோமுக்கு ஒண்டும் தெரியாது."

இன்னும் ஏதோ சொல்லவேண்டும் என்று நின்றார். யாரும் கைதட்டவில்லை. யாரும் திட்டவும் இல்லை. ஒருவர் இருமினார். முடிந்துவிட்டது என்று நினைத்து மத்தளகாரர் தட்டத் தொடங்கினார். பிறகு, முடியவில்லையோ என்று நிறுத்தினார். அந்த அரைகுறைச் சத்தத்துக்கு நடுவில் செல்வரட்ணம் படியைக் காலால் தேடித் தேடி இறங்கினார்.

ஆவணியில் பட்டினத்து ஆசுப்பத்திரியில் ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். ஜெறோம்தான் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தான். கண்கட்டை அவிழ்த்தபோது முதலில் தெரிந்தது மக்டலீனின் முகம். அவருக்கு ஞாபகம் இருந்ததைவிட வயது போயிருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வைத்தியர் வெளியே போகலாம் என்று சொன்ன பிறகு, ஒருநாள் காலையில் மீன் ஏலம் கூறுகிற கரைக்குத் தனியாகப் போனார். நிறங்கள் எல்லாம் கழுவி வைத்ததுபோல் இருந்தன. பார்க்கப் பார்க்க அவருக்கு ஆசையாக இருந்தது. அதன்பிறகுதான் முகங்களைப் பார்த்தார்.

திருவிழா முடிந்த நாளிலிருந்து அவர் தெருவில் நடந்தபோது, எதிரே வருகிறவர்கள் அவருக்கு மங்கலான உருவங்களாகவே இருந்தார்கள். குரல் கொடுத்தவர்களுக்குக் குரல் கொடுத்தார், கொடுக்காதவர்களைக் கடந்து போனார். அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அந்த மங்கல் இவ்வளவு நாளும் மறைத்து வைத்திருந்தது. இப்போது எல்லாம் தெரிந்தது. பச்சை வள்ளத்தில் சவள் வலித்த ஒருவன் அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிப் பெட்டிக்குள் மீனை அடுக்கினான். மேற்குத் தெருவிலேயே ஒருவர் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் நின்றவருக்கு ஏதோ சொன்னார். கேட்டவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். வேறு இருவர் செல்வரட்ணத்தை இரக்கத்தோடு பார்த்தார்கள். அது எல்லாவற்றையும்விடப் பொறுக்கக் கூடாமல் இருந்தது. இருட்டில் இருந்தவனை இழுத்துவந்து வெளிச்சத்தில் நிறுத்தியதுபோல அவர் நின்றார். வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று அரைவாசி திரும்பினார்.

றொசாந்தி றால் சட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தாள். அவரைக் கண்டு நின்றாள்.

"இப்ப எப்பிடி அண்ணை, கண்?"

"வடிவாத் தெரியுது பிள்ளை."

அவள் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. "மற்றதையும் பிந்தாமல் செய்யுங்கோ," என்று சொல்லிவிட்டு, சட்டியைக் கூறுகாரருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

செல்வரட்ணம் திரும்பவில்லை. விற்பனை முடியும்வரை, எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே நின்றார். மறுநாள் காலையிலும் போனார்.